ஊற்றடிக் கோரைக்கு ஒரு சத்தியம்

எங்கள் வயலின் மேல்கோடியில் ஒரு ஊற்று. அதைச் சுற்றிக் கோரை மண்டிக் கிடக்கும். போன மழை விட்டதும், மலைக்குக் கீழே இருந்து செடி ஆராய்ச்சி செய்யும் பெண் ஒருவர் வந்து அந்தக் கோரை முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

களையைப் பார்க்க யாராவது பஸ் ஏறி மலைக்கு வருவார்களா? வேறெங்கும் இல்லாத செடி கிடைத்துவிட்டால் வனத்துறை ஆபீஸ்காரர்கள் வேலி போட்டு நிலத்தை எடுத்துக்கொள்வார்கள் என்று எங்கள் அரியூர் நாட்டு மலை ஊர்களில் பேச்சு இருந்தது. எங்களுக்கு நெல் விளைவது அந்த ஒரு வயலில்தான்.

"ஏனுங்க மேடம், இந்தப் புல்லுல அப்படி என்னங்க இருக்குது?" என்றேன்.

"இது புல்லே இல்லீங்க அக்கா. தண்டை உருட்டிப் பாருங்க, மூணு பட்டை. புல்லுன்னா உருண்டையா, உள்ள தொளையா, கணு கணுவா இருக்கும். கோரை தனிக் குடும்பம்."

"குடும்பம் இருக்கட்டுங்க. இது எங்க மலையில மட்டுந்தானுங்களா?"

"பார்க்க ஒண்ணுபோல ரெண்டு சாதி இருக்குது. ஒண்ணு எல்லா ஏரியிலும் வரும். இன்னொண்ணு இந்த மாதிரி மலைகள்ல மட்டும்."

வரப்பில் நின்ற எங்க ஊட்டுக்காரர், "எது வந்தா அவங்களுக்கு லாபம்னு கேளு" என்றார்.

அந்தப் பெண் சிரித்துவிட்டார். "மலையில மட்டும் இருக்கிறதுதாங்க."

நான் சிரிக்கவில்லை. பேச்சில் நம்பிக்கை வராவிட்டால் எங்கள் பக்கம் சூடம் அணைத்துத்தான் சத்தியம். ஊற்றுக்கரை அம்மன் கல் முன்னால் சூடம் ஏற்றினேன். "எங்க நிலத்துக்கு ஒண்ணும் வராதுன்னு அணைங்க."

"ஆபீஸ்காரங்க செய்யறதுக்கு நான் எப்படிங்க சத்தியம் பண்றது? செடிக்கு வேணா பண்றேன். அதுவும் விதையைப் பார்த்த பொறகு."

சூடம் எரிந்து தீர்ந்தது. அவர் கதிரை உள்ளங்கையில் உதிர்த்து, லென்சைக் கண்ணோடு ஒட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆத்தா, இது ஊர் ஊருக்கும் முளைக்கிற களையாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

"இன்னொரு சூடம் ஏத்துங்க அக்கா" என்றார். ஏற்றினேன். அணைத்தார். "எல்லா ஏரியிலும் வர்ற சாதிதான். இலங்கை, பர்மா வரைக்கும் இருக்குது."

அவர் முகம் வாடிப்போயிருந்தது. சத்தியத்தைவிட அந்த வாட்டத்தைத்தான் நான் நம்பினேன்.

"கை சுடாம அணைச்ச மாதிரி இருக்குதே" என்றார் எங்க ஊட்டுக்காரர், அந்தப் பெண் போன பிறகு.

அந்தச் சந்தேகத்தில் மறுவாரம் மலைக்குக் கீழே சேந்தமங்கலம் போனபோது ஏரியோரம் இறங்கி ஒரு கோரையைப் பிடுங்கி வந்தேன். ஊற்றடிக் கோரையோடு சேர்த்துப் பிடித்து இவர் வெகுநேரம் உருட்டினார். "ரெண்டும் ஒண்ணுதான், நிலம் நமக்குத்தான். நாத்து விடலாம்" என்றார்.

அம்மனுக்குப் பொங்கல் வைத்து, நட்டும் விட்டோம். ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் மட்டும் இன்னமும் எட்டிப் பார்த்துவிடுகிறேன்.