மஞ்சளாக எரியும் டார்ச்

திருநெல்வேலி டவுணுக்கு டார்ச் லைட் வாங்கப் போன அன்று என் பையில் ஒரு பிடி வாழைச்சருகும் ஒரு துண்டு பழைய கயிறும் இருந்தன. பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர் சருகைப் பார்த்துவிட்டுத் தன் பையை நகர்த்திக்கொண்டார்.

போன மாசியில் என் வீட்டுக்காரியைக் கண்ணாடி விரியன் கடித்தது. பிழைத்துவிட்டாள். அடுத்த மாசி வந்துவிட்டது. திரும்பவும் அதே வரப்பில், அதே இருட்டில் அவளோடு போக வேண்டும். அதற்குத்தான் லைட்.

மணிமுத்தாறு அணைக்குக் கீழே வருஷக் குத்தகை கட்டிப் பாட்டத்துக்கு எடுத்த தோட்டம். ஏத்தன் வாழை போட்டிருக்கிறோம். கால்வாயில் தண்ணீர் வராத மாதங்களில் கிணற்று மோட்டார்தான் கதி. மோட்டாருக்கு வேண்டிய கரண்ட் எங்கள் பக்கம் ஒரு வாரம் பகலில் வரும், ஒரு வாரம் விடியும் முன்னே வரும். வரும்போது பாய்ச்சினால் உண்டு. மோட்டார் ரூமில் ஒருவர் நிற்க வேண்டும், வாழைக்குள் மடை திருப்ப ஒருவர் வேண்டும். அந்த நேரத்துக்குக் கூலி ஆள் வராது. அதனால் நாங்கள் இரண்டு பேர்.

வரப்பில் நடக்க எங்கள் பக்கம் ஒரு முறை உண்டு. ஆம்பளை லைட்டைப் பிடித்துக்கொண்டு முன்னால் போவான். பொம்பளை மண்வெட்டியோடு பின்னால் வருவாள். யாரும் இப்படிப் போ என்று சொன்னதில்லை. எல்லாரும் அப்படித்தான் போகிறார்கள்.

போன மாசியில் என்னிடம் இருந்தது நீளமான லைட். பளீர் என்று வெள்ளையாக எரியும். வாங்கின அன்று மொட்டைமாடியில் நின்று மாஞ்சோலை மலையைப் பார்த்து அடித்தேன். எங்கள் ஊரில் லைட் வாங்கினால் மலையைப் பார்த்துத்தான் அடிப்பார்கள். எவ்வளவு தூரம் போகிறதோ அவ்வளவு நல்ல லைட். பக்கத்துத் தோட்டக்காரர் அதைக் கீழே நின்று பார்த்தார்.

"என்னவே, மாஞ்சோலைல தூங்குதவன எழுப்பி விட்டுருவீரு போலுக்கே" என்றார்.

எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவளைக் கடித்த அன்றைக்கு விடியும் முன்னே, வரப்பு முடிந்து வண்டிப்பாதை தொடங்கும் இடத்தில் போய்க்கொண்டிருந்தோம். லைட்டை மோட்டார் ரூம் கதவில் அடித்தபடி நடந்தேன். பின்னாலிருந்து அவள் சொன்னாள்.

"ஏங்க, காலுல என்னமோ குத்திட்டு."

முள் என்று நினைத்தேன். திரும்பி அவள் காலில் லைட் அடித்தேன். இரண்டு புள்ளி. ரத்தம் வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. குக்கரில் ஆவி கசிகிற மாதிரி. நிற்காத சத்தம்.

அவளை அங்கேயே உட்கார வைத்தேன். நடக்கவிடக் கூடாது என்று தெரியும். பக்கத்துத் தோட்டக்காரருக்குப் போன் செய்தேன். சுற்றிலும் லைட் அடித்தேன். எங்கே பார்த்தாலும் சருகு. அந்த வெளிச்சத்தில் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். ஒன்றும் தெரியவில்லை. சத்தமும் நின்றுவிட்டது. போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் பழைய பைக்கில் வந்தார். அந்த வண்டியின் முன்விளக்கு மஞ்சள் பல்பு, மங்கலாக எரியும். வண்டியைத் திருப்பும்போது வெளிச்சம் சருகின் மேல் விழுந்தது.

அங்கேயே கிடந்தது. சுருட்டிக்கொண்டு, உடம்பெல்லாம் வட்டம் வட்டமாக. நான் அவளை உட்கார வைத்த இடத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் படுக்க இடம் இருக்காது. அந்த இடத்தில் நான் எத்தனையோ தடவை லைட் அடித்திருந்தேன்.

அவளைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, பின்னால் ஏறி அவளைப் பிடித்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைக் குழாயில் எடுத்து உறைகிறதா என்று பார்த்தார்கள்; விஷம் ஏறியிருந்தால் உறையாதாம். உறையவில்லை. மருந்து ஏற்றினார்கள். மறுபடி எடுத்துப் பார்த்தார்கள். உறையவில்லை. மறுபடியும் ஏற்றினார்கள். நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் உறைந்தது. வீட்டுக்கு வந்தோம்.

அவள் தேறிவிட்டாள். எனக்குத்தான் சரியாகவில்லை. கிணற்றடியில் கயிறு கிடந்தால் நின்றுவிடுவேன். வீட்டில் குக்கர் ஆவி விட ஆரம்பித்தால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவேன்.

இந்த மாசி பிறந்ததும் நான் சொன்னேன், "நீ வரவேண்டாம்ளா."

"நான் வராம மடைய யாரு திருப்புவா? மலைலேருந்து கரடி எறங்கி வந்து திருப்புமா?"

"பூட்ஸாவது போடு."

காலை நீட்டிக் காட்டினாள். கடித்த காலில் வீக்கம் முழுசாக வடியவில்லை. பூட்ஸ் ஏறாது.

சருகையும் கயிற்றையும் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

டவுணில் ரதவீதிக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு எலக்ட்ரிக் கடை. கடைக்காரர் என் வயதுதான் இருப்பார்.

"என்ன லைட்டு பாக்கிய அண்ணாச்சி? வீட்டுக்கா, தோட்டத்துக்கா?"

"எப்பவும் இடுப்புல இருக்கணும். வெல ரொம்பக் கூடாது."

ஒரு நீள லைட்டை எடுத்தார். "இதப் பாருங்க. இங்கன நின்னு அடிச்சா கோபுரம் தெரியும்."

"கோபுரம் பகல்லயே தெரியுதே."

சிரித்தார். அடுத்ததை எடுத்தார். ஒரு அமுக்கு அமுக்கினால் பெரிய வெளிச்சம். இன்னொன்று அமுக்கினால் சின்னது. இன்னொன்று அமுக்கினால் போலீஸ் வண்டி மாதிரி வெட்டி வெட்டி அடித்தது.

"இது எதுக்கு?"

"ஆபத்துக்கு."

ஆபத்தில் கை நடுங்கும். தெரியாமல் இந்த வெட்டு வெளிச்சம் வந்துவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தேன். ஒரு வெட்டுக்கு விரியன் ஓரிடத்தில் இருக்கும். அடுத்த வெட்டுக்கு எங்கே இருக்குமோ. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாவது, செல்லைக் கழற்ற முடியாதபடி மூடி ஒட்டியிருந்தது.

"உள்ள செல் செத்துப் போனா?"

"தூக்கிப் போட்டுட்டு வேற வாங்க வேண்டியதுதான்."

"செத்தது வரப்புல வச்சுத் தெரிஞ்சா?"

அவர் அதையும் உள்ளே எடுத்து வைத்தார்.

"இருட்டான எடம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். கடைக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில், ஃபேன் பெட்டிகள் அடுக்கின, கதவு வைத்த சின்ன இடம் இருந்தது. அங்கே கூட்டிப் போனார். நான் பையைத் திறந்து சருகைத் தரையில் பரப்பினேன். மேலே கயிற்றைச் சுருட்டி வைத்தேன்.

"அண்ணாச்சி, என்ன பண்ணுதிய? ஏவல் கீவல் வைக்க வந்தியளா? எதுத்த கடைக்காரன் அனுப்பிச்சானா?"

"என் வீட்டுக்காரியப் பூச்சி தொட்டுட்டு. சருகுல கெடந்துச்சு. லைட்டு அடிச்சும் தெரியல."

பாம்பு என்று நான் சொல்லவில்லை. இருட்டில் அந்தப் பேரைச் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. அவருக்கும் புரிந்தது. அவரே கதவைச் சாத்தினார்.

ஒவ்வொரு லைட்டாக அடித்தார். கயிறு தென்னங்கயிறு, பழுத்துக் கருப்பட்டி நிறத்துக்கு வந்திருந்தது. அதை வைத்தது என் கைதான். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். இருந்தும் அந்த வெள்ளை வெளிச்சத்தில் கண் தேடித்தான் பிடித்தது. சருகும் சாம்பல், கயிறும் சாம்பல். ஃபேன் பெட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

கடைக்காரர் வெளியே போய் ஒரு பெட்டியைத் தட்டிக்கொண்டு வந்தார். தூசி பறந்தது.

"இது போவாத சரக்கு. மஞ்சளா எரியுது, பழசு மாதிரி இருக்குன்னு பாக்குதவன் பூராம் வச்சிட்டுப் போறான். அடிச்சுப் பாப்போம்."

விரல் பருமன்தான். உள்ளங்கைக்குள் மறையும். அடித்தார்.

சருகு சருகாகத் தெரிந்தது. அதன் மேல் கயிறு, புரி புரியாக, சிவப்பாகக் கிடந்தது. நான் பின்னால் நகர்ந்தேன். கடைக்காரரும் நகர்ந்தார்.

"யப்பா" என்றார் மெதுவாக.

ஒரே பொத்தான். ஒரு அமுக்குக்குச் சின்ன வெளிச்சம், இன்னொன்றுக்குப் பெரியது. வேறு விளையாட்டு இல்லை. செல்லைக் கழற்றலாம். போன் சார்ஜர் சேரும். இடுப்பில் மாட்ட ஒரு கொக்கி இருந்தது. மடைத் தண்ணீரில் விழுந்தால் என்ன என்று கேட்டேன். அவரே தன் குடிதண்ணீர் டம்ளரில் அதை எரிந்தபடி போட்டார். எரிந்தது. போகாத சரக்கு என்று விலையும் குறைத்தார். என் கையில் இருந்ததற்கு அந்த லைட்டும், மாற்றிப் போட இன்னொரு செல்லும் வந்தது. இரண்டாவது லைட்டுக்கு வழியில்லை.

ஒன்று போதும், நான்தானே முன்னால் போகப் போகிறேன் என்று நினைத்தேன்.

திரும்பி வரும்போது சேரன்மகாதேவி தாண்டியதும் இருட்டிவிட்டது. பஸ்ஸில் உள் விளக்கு எரியவில்லை. லைட்டை எடுத்து என் காலடியில் அடித்துப் பார்த்தேன். சின்ன வட்டம். என் இரண்டு காலும் நகம்வரை தெரிந்தன. முன் சீட்டில் ஒரு அம்மா காலைப் பின்னால் மடக்கி உட்கார்ந்திருந்தது, அதுவும் தெரிந்தது. எனக்குப் பின் சீட்டில் யார் கால், எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. லைட்டை அணைத்தேன். ஊர் வரும்வரை திரும்பித் திரும்பிப் பின் சீட்டின் அடியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

மறுநாள் விடியும் முன்னே கரண்ட் வரும் முறை. புறப்படும்போது லைட்டை அவள் கையில் கொடுத்தேன்.

"நீ முன்னால போ."

"நல்லா இருக்கே கூத்து. யாராவது பாத்தா என்ன சொல்லுவாவ? பொண்டாட்டிக்குப் பின்னால ஒளிஞ்சு போறாரும்பாவ."

"சொல்லட்டும். மண்வெட்டியக் குடு."

"அந்தப் பழைய நீள லைட்ட நீங்க எடுத்துக்கிடுங்க."

"நான் பின்னாலேருந்து அடிச்சா உன் நெழலு உன் காலுலதான் விழும். வேண்டாம்."

மண்வெட்டியை என் கையில் கொடுத்தாள். பிறகு நடந்தாள்.

அவள் காலடியில் மஞ்சள் வட்டம் போனது. வீங்கின காலைக் கொஞ்சம் இழுத்து வைப்பாள். அந்தக் குதிகால் தூக்கிய இடத்தில் நான் என் காலை வைத்தேன். வேறு எங்கும் வைக்கவில்லை. என்னைச் சுற்றி ஒன்றும் தெரியவில்லை. வாழை இலை தோளில் உரசும்போதெல்லாம் உடம்பு கூசியது. ஒரு வருஷத்துக்கு முன்னால் வரை அவள் இப்படித்தான் நடந்திருக்கிறாள், மண்வெட்டியையும் தூக்கிக்கொண்டு.

முதல் மடை வரும் இடத்தில் வட்டம் நின்றது.

"நில்லுங்க" என்றாள்.

நின்றேன்.

"அசையாதீங்க. பூச்சி கெடக்கு."

அவள் முதுகு மறைத்தது. எனக்குத் தெரியவில்லை. அப்போது அந்தச் சத்தம் கேட்டது. ஆவி கசிகிற சத்தம். மண்வெட்டிக் காம்பை இறுக்கிப் பிடித்தேன். அவளைப் பிடித்து இழுக்க வேண்டும் போல இருந்தது. இழுத்தால் கால் மாறும். இழுக்கவில்லை.

"எங்கன?" என்றேன்.

"மடைக்கு இந்தப் பக்கம். சருகு மேல. தல அங்கன பாத்து இருக்கு. பைய ஒரு எட்டுப் பின்னால வைங்க. நானும் வைக்கேன்."

வைத்தேன். அவள் வைத்தாள். இன்னொன்று வைத்தேன். லைட் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவள் கை ஆடவில்லை. என் பல்தான் தந்தியடித்தது. அவளுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று தாடையை இறுக்கிக்கொண்டேன்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. சத்தம் நின்றது. போன தடவை சத்தம் நின்ற பிறகும் அது அங்கேயேதான் கிடந்தது. அதனால் எனக்கு இன்னும் பயம் கூடியது.

"போயிட்டா?"

"இல்ல. கெடக்கு. எனக்குத் தெரியுது. பேசாம நில்லுங்க."

கெடக்கு என்று அவள் சொன்னபோதுதான் மூச்சு விட்டேன்.

பிறகு அது அசைந்திருக்கிறது. வட்டமும் அதோடு நகர்ந்தது. வரப்பை விட்டு இறங்கி, சருகு மேல் ஊர்ந்து, அடுத்த தோட்டத்து வேலிக்குள் போகும்வரை அவள் லைட்டை எடுக்கவில்லை. கடைசியில் வாலை மட்டும் நான் பார்த்தேன்.

"மோட்டாரப் போடுங்க, கரண்டு வந்திருக்கும்" என்றாள்.

போட்டேன். மோட்டார் ரூம் வாசல்வரை வந்து வெளிச்சம் காட்டிவிட்டு, மண்வெட்டியை வாங்கிக்கொண்டுதான் மடைக்குப் போனாள். அவள் போன பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். வாழைகளுக்கு நடுவே அந்த மஞ்சள் வட்டம் தெரிந்துகொண்டிருந்தது. ஒரு வாழைக்குப் பின்னால் மறையும்போதெல்லாம், திரும்பத் தெரியும்வரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாய்ச்சி முடித்தபோது நன்றாக விடிந்திருந்தது. மலைமேல் வெயில் விழுந்திருந்தது. வரப்பு முழுக்கத் தெரிந்தது. அவள் லைட்டை அணைக்கப் போனாள்.

"அணைக்காதளா" என்றேன்.

"விடிஞ்சிட்டே."

"எரியட்டும். வீடு வரைக்கும்."

அவள் சிரிக்கவில்லை. எரிகிற லைட்டைக் காலடியில் பிடித்தபடியே முன்னால் நடந்தாள். டீக்கடை வாசலில் பக்கத்துத் தோட்டக்காரர் கிளாஸோடு நின்றார்.

"என்னவே, சூரியன் பத்தலையா உம்ம வீட்டுக்கு?"

"பத்தல" என்றேன். அவள் குதிகால் வைத்த இடத்தில் கால் வைத்து வீட்டுக்குப் போனேன்.