யேசுரட்ணத்தின் புகை

கரண்டியின் பின்புறத்தால் கங்குகளைத் தட்டி ஓர் ஓரமாக ஒதுக்குகின்றன அந்தக் கைகள். வலது கட்டைவிரலில் நகம் இல்லை. நீளவாக்கில் பிளந்த இரும்புப் பீப்பாயின் ஒரு பாதியில் கங்கு, மறுபாதியில் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேலே கம்பியில் உப்பும் மிளகும் தேய்த்த பன்றித் தொடை. ஒரு கை மூடியை இறக்குகிறது. மற்றது துளையின் தகட்டை நகர்த்துகிறது. புகை வெள்ளையாகப் புரண்டு வருகிறது. தகடு அரை விரல் விலகுகிறது, நிற்கிறது, இன்னும் ஒரு நூல் விலகுகிறது. வெள்ளை மெலிந்து நீலமாகி, இருக்கிறதா இல்லையா என்று கண் சந்தேகப்படும்போதுதான் கைகள் இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொள்கின்றன. காலை மணி ஆறே கால்.

"வெள்ளப் பொகை கோவக்காரப் பொகை சேர். கறி கசந்துரும். நீலமா வரணும், வந்ததே தெரியக் கூடாது" என்பார் யேசுரட்ணம், கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும்.

வட்டவளைக்கு மேலே, வெள்ளைக்காரத் துரைமார் குடியிருந்த பங்களா இப்போது விடுதி. அங்கே பார்பிக்யூ அவர் பொறுப்பு. அதற்கு முன் பன்னிரண்டு வருடம் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தைக் காயவைக்கும் அடுப்புக்கு விறகு போட்டவர். கதவைத் திறக்காமலே, உள்ளே தீ போடும் சத்தத்தை வைத்துச் சூட்டைச் சொல்வார். தொழிற்சாலை மூடியபின் இங்கே வந்தார். பீப்பாயைப் பிளந்ததும் கீல் அடித்ததும் துளை போட்டதும் அவரேதான். யாரும் சொல்லித்தரவில்லை. முதல் மூன்று தொடைகளை நாய்கள் தின்றன. விறகுக்கு அவர் வேறெங்கும் போவதில்லை. பிடுங்கிப் போட்ட கிழட்டுத் தேயிலையின் அடிக்கட்டை போதும். இரண்டு மழைக்காலம் கொட்டிலுக்குள் கிடந்து காய்ந்தால், அவசரப்படாமல் நின்று எரியும்.

மாலையில் புல்வெளியில் போடுவது வேறு தீ. சிரட்டைக்கரி, கோழிக்கால், சோளம். பத்து நிமிடச் சங்கதி. கொழுப்புச் சொட்டித் தீ சீறினால் சுற்றி நிற்பவர்கள் கைதட்டுவார்கள். வக்கீலோ வங்கி அதிகாரியோ, மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் யேசுரட்ணத்தின் கையிலிருந்து இடுக்கியை வாங்கிக்கொள்வார். வாங்கியவர் திருப்பித் தரமாட்டார். வீட்டில் முட்டை பொரித்தறியாத மனிதர் கண் எரிய நின்று கோழி வாட்டுவதை மனைவி படம் பிடிப்பாள். யேசுரட்ணம் ஓரடி பின்னால் நின்று, அவர்கள் பார்க்காத நேரத்தில் கருகப்போவதைப் புரட்டிவிடுவார்.

பீப்பாய்ப் பக்கம் வருகிறவர்கள் வேறு மாதிரி. அங்கே அவர்களுக்குச் செய்ய ஒன்றுமில்லை. ஆனாலும் நாற்காலியை இழுத்துப்போட்டு மணிக்கணக்கில் உட்காருவார்கள். பேச்சு குறைந்துபோகும். கிளம்பும்போது தங்கள் சட்டையை முகர்ந்து பார்த்து, இதைத் துவைக்கவே மாட்டேன் என்பார்கள்.

"என்னத்துக்கு இவ்வளவு ஆசை இவங்களுக்கு?" என்று விடுதி மனேஜர் கிஷாந்த் ஒருமுறை கேட்டார்.

"பசிக்கு மூட்டுற தீ இல்லையே சேர் இது. போதும்னா எந்திரிச்சிப் போயிறலாம்."

யேசுரட்ணத்தின் மனைவி மார்கிரட்டால் அப்படி எழுந்து போக முடிந்ததில்லை. கொழுந்து பறித்துவிட்டு வந்து, லயம் என்கிற தோட்டத்து வரிசை வீடுகளில் தங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் மூலையில் குந்தி, ஈர மிலாறை ஊதி ஊதி நாற்பது வருடம் சமைத்தாள். மிலாறு என்பது தேயிலையில் கவ்வாத்து வெட்டிய குச்சி. அவள் நெஞ்சு இப்போது இரண்டு படி ஏறினால் விசிலடிக்கிறது. அவர் காஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தார். நாடு முழுக்கக் காஸ் கிடைக்காத அந்த வருடம் மிலாறு திரும்பி வந்தது. மார்கிரட் முதல்முறை ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிறகு காஸ் வந்தும் புகை போகவில்லை. லயத்தில் காம்பராவுக்குக் காம்பரா இருக்கும் சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. பக்கத்துக் காம்பராப் பேச்சியம்மா அடுப்பு மூட்டினால், சுவருக்கு மேலால் வந்து மார்கிரட்டின் கட்டிலில் இறங்கும். யேசுரட்ணம் அந்த இடைவெளியை அட்டையும் சாக்கும் வைத்து அடைத்தார். மழை ஈரத்தில் ஊறி அட்டை விழுந்தது. தனி வீட்டுப் பட்டியலில் பெயர் இருக்கிறது. பட்டியலும் ஆறு வருடமாக இருக்கிறது.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் பேச்சியம்மாவிடம் கத்திவிட்டார்.

"நான் என்னா வேணும்னா பத்த வைக்கிறேன்? எம் புள்ளைங்க பச்சையாவா திங்கும்?" என்று அவளும் கத்தினாள். இரண்டு மாதம் பேச்சு இல்லை. நத்தார் பண்டிகைக்கு, மனசு கேட்காமல், ஒரு கோழியும் நாலு இறாத்தல் பாண் ரொட்டியும் கொண்டுபோய்க் கொடுத்தார். பேச்சியம்மாவுக்குப் பன்றி ஆகாது. அன்று மாலை அவள் அடுப்பு மூட்டவில்லை. மூட்டத் தேவை இருக்கவில்லை. மார்கிரட் உட்கார்ந்தபடி இல்லாமல், படுத்துத் தூங்கினாள். யேசுரட்ணம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

போன சனிக்கிழமை பீப்பாயில் பன்றித் தொடைக்குப் பக்கத்தில் ஒரு கோழியும் ஏறியது. அவர் தன் காசில் வாங்கியது. கொழும்புக் குடும்பம் ஒன்றுக்கு அன்று பிறந்தநாள் விருந்து. மறுபடி ஆஸ்பத்திரியில் கிடந்த மார்கிரட்டுக்குத் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பும் நாளும் அதுதான். லீவு கிடைக்கவில்லை.

"ராத்திரிக் கோழிக்கால நான் பாத்துக்கிறேன். தொடைய வெட்டிக் குடுத்துட்டுப் போங்க" என்றார் கிஷாந்த். அது நாலு மணிக்கு முடிந்தாக வேண்டும். லயத்துக்கு இறங்க அரை மணி. கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து பேச்சியம்மா அடுப்பு மூட்டுவது ஐந்து மணிக்கு.

பதினொரு மணிக்குக் கொழும்புக்காரர் வந்து மூடியைத் திறந்தார். "அடடா, என்ன நிறம்!" படம் எடுத்தார். பன்னிரண்டுக்குத் தங்கையைக் கூட்டிவந்து திறந்தார். ஒவ்வொரு திறப்புக்கும் கால் மணி நேரச் சூடு வெளியே போயிற்று.

"சேர், பாத்துக்கிட்டே இருந்தா வேகாதுங்க."

"ஒரே ஒருக்கா ஐசே. இந்த வாசத்துக்கே நுவரெலியாவை விட்டுட்டு இங்க வந்தம். இந்தக் கோழி யாருக்கு?"

"பக்கத்து வீட்டுக்குங்க."

"குடுத்து வெச்ச பக்கத்து வீடு!" என்று அவர் சிரித்தார்.

இரண்டு மணிக்கு மகள் டிலுக்ஷி போன் பண்ணினாள். "அப்பா, துண்டு வெட்டிட்டாங்க. ஆட்டோ புடிச்சிட்டோம்."

"அம்மாவுக்கு மூச்சு எப்புடி?"

"இப்பைக்கு பரவால்ல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இனிமே பொகை பட்டுச்சின்னா, கொண்டாந்தும் பிரயோசனம் இல்லேன்னு டொக்டர் சொல்றாருப்பா."

யேசுரட்ணம் போனைப் பையில் போட்டார். அடுத்து கொழும்புக்காரர் வந்தபோது மூடிமேல் கை வைத்து நின்றார். கை சுட்டது. எடுக்கவில்லை. கொழும்புக்காரர் திரும்பிப்போனார்.

தொடை கனிந்தபோது மணி நாலு ஐந்து. எலும்பைப் பிடித்து இழுத்தார்; சத்தமில்லாமல் கழன்று வந்தது. வெட்டித் தட்டில் அடுக்கி உள்ளே அனுப்பிவிட்டுப் பின்பக்கக் குழாயடிக்கு ஓடினார். மழைத் தண்ணீர்போல் குளிர்ந்த நீரில் தலைக்கு இரண்டு தரம் சவர்க்காரம் போட்டார். பொலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த சட்டையை மாற்றினார். புகைச் சட்டையை எந்நாளும்போல் கொட்டிலிலேயே தொங்கவிட்டார். குசினியில் சொல்லிவைத்த பெரிய ஃபிளாஸ்கில் கொதிநீரை நிரப்பிக்கொண்டு, கோழியும் பாணுமாக இறங்கினார். வழி முழுக்கத் தூறல். பனிமூட்டத்தில் லயத்துக் கூரைகள் தெரிந்தபோது எதுவரை பனி, எதுவரை புகை என்று நின்று பார்த்தார். கடைசிக்கு முந்திய, பேச்சியம்மாவின் காம்பராவின் மேல் மட்டும் ஒன்றுமில்லை.

பேச்சியம்மா அடுப்பின் முன் குந்தியிருந்தாள். மிலாறை முறித்து அடுக்கியாயிற்று. தீப்பெட்டி கையில் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மார்கிரட் இருமினாள்.

"வந்துட்டாங்க போல அக்கா," என்றாள் பேச்சியம்மா. "என்னாண்ணே, குளிச்சிட்டு மாப்பிள மாதிரி வந்து நிக்கிறீங்க?"

அவர் பொட்டலத்தை நீட்டினார். வாழையிலைக்குள் கோழி இன்னும் சூடாக இருந்தது. பாணையும் கொடுத்தார். அவள் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். தீப்பெட்டியைக் கீழே வைக்கவில்லை.

"எம் மாமியாருக்குத் தேத்தண்ணி வேணுமேண்ணே."

"சுடுதண்ணி இருக்கு."

அவள் அடுப்பைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள். "இன்னிக்கி சரி. நாளைக்கி என்னா செய்வீங்க?"

யேசுரட்ணம் ஃபிளாஸ்கின் மூடியை இன்னொரு தரம் இறுக்கி, அதையும் அவளிடம் கொடுத்தார்.