ஆறரை மணி வெளிச்சம்

என் அக்கா வீட்டுக்காரர் இறந்து ஒன்றரை வருடமாகிறது. கூரை போடுவது அவர் தொழில். கூட வேலை செய்தவர்களுக்கு அவர் ‘பூனை’. மேலே அவர் நடந்தால் கீழே இருப்பவனுக்குச் சத்தமே கேட்காது. இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஏறாத கிடங்கு இல்லை, பட்டறை இல்லை. உள்ளே வெளிச்சம் விழ வேண்டுமென்று சிமென்ட் ஷீட்டுகளுக்கு நடுவே ஒளி புகும் பைபர் ஷீட் ஒன்றை மாட்டுவார்கள். தொழிலில் அதற்குக் கண்ணாடி ஷீட் என்று பெயர். அதை மாட்டுவதில் மாமா கெட்டிக்காரர்.

அவர் வீட்டில் நடுப்பகலிலும் பல்பு எரியும். ஒரே அறை. இரு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், மேற்கே இருப்பது மூன்று மாடி. காற்றும் ஆளும் வர வாசல் ஒன்றுதான்.

கூரைமேல் நடக்க அவர் வைத்திருந்தது ஒரே விதி. ஷீட்டை மிதிக்காதே, போல்ட் வரிசையை மிதி. போல்ட்டுக்கு அடியில் இரும்புச் சட்டம் இருக்கும், ஆளைத் தாங்கும். ஒரு நாள் ஒரு கிடங்கில் ஒழுகல் அடைக்கத் தார் டின்னோடு ஏறியவர், வரிசையை விட்டு ஒரே ஒரு எட்டு வைத்தார். பத்து வருடத் தூசியும் பாசியும் படிந்து, கண்ணாடி ஷீட்டும் மற்றதும் ஒரே நிறமாக இருந்தன. அந்தக் கண்ணாடி ஷீட்டை மாட்டியதே அவர்தான்.

“பூனை நாலு காலையும் ஊனித்தான் விழுமாம். எனக்கு இருந்ததே ரெண்டு, மச்சான்” என்றார் ஆஸ்பத்திரியில். கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. தலையைக் கூடத் திருப்ப முடியாது.

வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் அக்காவிடம் சொன்னார்: “தினமும் முதுகைப் பாரும்மா. லேசா சிவந்தாலும் உடனே கூட்டிட்டு வா. பகல் வெளிச்சத்துல பாரு. பல்புல சிவப்பு ஏமாத்திரும். படுக்கைப் புண் உள்ள போயிட்டா அப்புறம் ஆள் மிஞ்சாது.”

அந்த வீட்டில் பகல் வெளிச்சத்துக்கு எங்கே போவது? கூரையைத் திறந்தால்தான் உண்டு. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் கட்டடப் பொறியியல். பட்டமளிப்பு அன்று வேலைச் சட்டையோடு வந்து, கடைசி வரிசையில் நின்று விசில் அடித்தவர் மாமா. அவருக்கு நான் செய்யாமல் யார் செய்வது? அளவெடுத்தேன், வரைபடம் போட்டேன்.

“மாமா, கட்டிலுக்கு நேர் மேல போடுறேன். படுத்த வாக்குல வானத்தைப் பாக்கலாம்.”

“வானத்தைப் பக்கத்துல இருந்தே பாத்தவன்டா நான். கிழக்குச் சரிவுல போடு. உங்க அக்கா காலைல ஆறரைக்குத்தான் என்னைப் புரட்டிப் பாக்குறா. ஏழு மணிக்கு அவளைக் கூட்டிட்டுப் போகக் கம்பெனி வண்டி வந்துரும்.”

“கிழக்குல போட்டா கட்டிலுக்கு மொத்த வெளிச்சம் குறையும் மாமா. கணக்குப் போட்டுட்டேன்.”

“கணக்கே போட்டுட்டியா? அப்ப சரி. இன்ஜினியர் சொன்னா மேஸ்திரி வாயை மூடிக்கணும்” என்று சிரித்தார்.

கட்டில் மேற்குச் சுவரோரம்தான் நுழையும். அதற்கு நேர் மேலே, மேற்குச் சரிவில், இரண்டடிக்கு மூன்றடி கெட்டிக் கண்ணாடி பதித்தேன். குளிர்காலம் அது. நடுப்பகலில் வெயில் சாய்ந்து சுவரில் விழுந்தது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். நான் வேலை பார்க்கும் ஊருக்குத் திரும்பினேன்.

ஐந்து மாதம் கழித்து அக்கா போன் செய்தாள். “டேய், மாமாவுக்கு நெத்தித் தோல் உரியுதுடா. கேட்டா ஒண்ணுமில்லங்கிறார்.”

லீவு போட்டு வந்தேன். அக்கா வேலைக்குப் போய்விட்டாள். ஞாயிறும் போவாள். பதினொன்றரைக்குச் சுவரில் இருந்த வெயில் இறங்கி, அவர் நெற்றியில் நின்றது. பிறகு கண்ணில். அவர் இமைகளை இறுக்கிக்கொண்டார். ஓரங்களில் நீர் வழிந்து காதுக்குள் போனது. நான் எழுந்து, அவர்மேல் குனிந்து நின்று என் முதுகால் மறைத்தேன். ஒரு மணிக்கு மேல்தான் சூரியன் மாடிச் சுவருக்குப் பின்னால் போனது. பக்கத்து வீட்டு அம்மா தண்ணீர் கொடுக்க வருவது இரண்டு மணிக்கு.

“எத்தனை நாளா மாமா?”

“ஒரு மாசம் இருக்கும்.”

“வாயைத் திறந்து சொல்றதுக்கு என்ன?”

“வர்றவன்லாம் யார் போட்டதுன்னு கேக்குறான். எங்க மச்சான், படிச்ச பையன்னு சொல்றேன். சொன்ன வாயாலயே கண்ணு கூசுதுன்னு சொல்லவா?”

“காலைல வெளிச்சம் எப்படி?”

“அதுவா… உங்க அக்கா டார்ச் அடிச்சுப் பாத்துக்கிறா.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஐந்து மாதமாக அந்த அறையில் வெளிச்சம் இருந்தது. பார்க்க ஆள் இருந்த நேரத்தில்தான் இல்லை.

அன்றே கூரை ஏறினேன். கண்ணாடி வழியே கீழே அவர் முகம் தெரிந்தது. என் கால் கண்ணாடி ஓரம் வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

“போல்ட்டுல மிதிடா, படிச்சவனே! போல்ட்டுல மிதி!”

இருட்டுவதற்குள் கண்ணாடியைக் கிழக்குச் சரிவுக்கு மாற்றி, மேற்கை ஷீட்டால் அடைத்துவிட்டேன்.

மறுநாள் ஆறரைக்கு வெளிச்சம் சாய்வாகக் கட்டிலில் விழுந்தது. அக்காவும் நானும் அவரைச் சுவர்ப் பக்கம் புரட்டினோம். இடுப்புக்குக் கீழே, மங்கிய டார்ச் வெளிச்சத்தில் ஆறிய தழும்பு என்று அக்கா நினைத்திருந்தது தழும்பு இல்லை. சுற்றி உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. நடுவில் குழி. குழிக்குள் வெள்ளையாக எலும்பு.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் வரைபடத்தைப் பார்ப்பதுபோல் கூரையைப் பார்த்தேன்.

“என்னடி, வெளிச்சம் போதுமா?” என்று சுவரைப் பார்த்தபடி கேட்டார் மாமா.

“போதும்” என்றாள் அக்கா.

வாசலில் கம்பெனி வண்டி இரண்டு முறை ஹார்ன் அடித்துவிட்டுப் போனது.