சீனி சேர்க்காத கஷாயம்

தொண்ணூறுகளில் பேட்டையில் ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரியில் நான் பார்மசிஸ்ட். வருகிறவர்களுக்கு மருந்தக்கா. எனக்கு வாய் கொஞ்சம் ஜாஸ்தி என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

லேத் பட்டறையில் வேலை பார்த்த சுடலைமுத்துவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கூடவே சர்க்கரை வியாதி. அளவு சரியாகத் தெரியாமல் சில பீஸ்களை வீணாக்கிவிட்டார். சீக்கிரம் ஆபரேஷன் செய்துகொண்டு வந்தால் லேத்தில் நிற்கலாம், இல்லையென்றால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமைக்கு நாள் குறித்தாயிற்று.

அதற்கு எட்டு நாள் முன்னால் அவருக்குச் சளி பிடித்தது. மாத்திரை கேட்டு அவர் மனைவி பேச்சியம்மாள் வந்தாள். ஜலதோஷ விஷயத்தில் எங்கள் டாக்டருக்கு ஒரே பேச்சுதான். அதை விரட்ட மாத்திரையும் இல்லை, மூலிகையும் இல்லை, ஒரு வாரத்தில் அதுவாகப் போகும். சூடாக எது குடித்தாலும் தொண்டைக்கு இதம். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தால் கரகரப்பு குறையும். சுக்குக்கும் மிளகுக்கும் அதற்கு மேல் ஆதாரம் கிடையாது என்பார். நானும் அதையேதான் சொன்னேன். வேண்டுமானால் சுக்குக் கஷாயம் மூன்று வேளை கொடு, கெடுதல் இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

சளி போய்விட்டது. புதன்கிழமை ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை எக்கச்சக்கம். டாக்டர் ஆபரேஷனைத் தள்ளி வைத்தார். எனக்கு வந்ததே கோபம். கல்யாண வீட்டில் லட்டு தின்றாரா, டீக்கடையே கதியென்று கிடந்தாரா என்று பேச்சியம்மாளைப் பிடி பிடியென்று பிடித்தேன். நான் முடித்த பிறகுதான் அவள் சொன்னாள்.

“சீனி ஒரு பொட்டு வீட்டுல கெடையாதுக்கா. நீங்க ஆகாதுன்ன அன்னைக்கே நிறுத்தியாச்சு. கஷாயத்துக்கும் உடன்குடிக் கருப்பட்டிதான் போட்டேன். அது மருந்துல்லா?”

“மூணு வேளையுமா?”

“நீங்கதானக்கா மூணு வேளைன்னு சொன்னிய.”

ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுவதில் சீனிக்கும் கருப்பட்டிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் எங்கள் பக்கம் கருப்பட்டியை யாரும் இனிப்பாக நினைப்பதில்லை. சுக்கு தட்டிப்போட்டால் கூடவே கருப்பட்டியும் விழும். என் வீட்டு அடுப்பிலும் அப்படித்தான். தெரிந்தும் நான் கேட்கவில்லை. அவள் நான் சொன்னதில் ஒன்றைக்கூட மீறவில்லை.

டாக்டரிடம் போய், தப்பு என்னுடையது என்று சொன்னேன். பட்டறைக்கும் போய்ச் சொன்னேன். முதலாளி உட்காரச் சொன்னார், டீ வாங்கிக் கொடுத்தார், பார்க்கலாம் என்றார். அவ்வளவுதான்.

சர்க்கரை இறங்கி ஆபரேஷன் நடக்க ஒரு மாதம் ஆனது. கறுப்புக் கண்ணாடியோடு சுடலைமுத்து மருந்து வாங்க வந்தார்.

“கண்ணு நல்லாத் தெரியுதுக்கா. லேத்துலதான் வேற ஆள் நிக்கான்,” என்றார். என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

மருந்துக் கடையில் நிற்கப்போகிற பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். கஷாயம் என்று யார் சொன்னாலும் அதில் என்னென்ன போடுவீர்கள் என்று ஒன்றுவிடாமல் கேளுங்கள். அன்றிலிருந்து நான் கேட்காமல் விட்டதில்லை. சிலருக்கு எரிச்சல் வரும். வரட்டும்.