மேலே காலி, கீழே என் கையெழுத்து

“இது உங்க கையெழுத்துதானே சார்?”

போன திங்கட்கிழமை, பொழுது சாய்கிற நேரம். வாசலில் நின்ற ஒரு அம்மா ஜெராக்ஸ் தாளை நீட்டினார். வரிசையாகக் கையெழுத்துகள். முதல் கையெழுத்து என்னுடையது. சுழித்து, அடியில் கோடு இழுத்து... வாசகர்கள் புத்தகத்தை நீட்டும்போது போடுகிற அதே பந்தா!

அவர் பெயர் பத்மாவதி. கீழ்பென்னாத்தூர் பக்கம், என் சொந்த ஊர்க்காரர். நான் திருவண்ணாமலை டவுனுக்கு வந்து பல வருடம் ஆகிறது. ஓட்டு மட்டும் இன்னும் அங்கேதான். உட்காரச் சொல்லி, டீ போடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம் சார். பொழுது போயிடுச்சு. நாங்க ஜெயினுங்க, இருட்டினா எதுவும் சாப்பிட மாட்டோம்.”

விஷயத்துக்கு வந்தார். போன மாத மழையில் ஊர் ஏரி நிரம்பிவிட்டது. ஆனால் கால்வாயின் கடைசியில் இருக்கிற அவருடைய நெல் வயலுக்குத் தண்ணீர் வரவில்லை. கால்வாய் முழுக்க சீமைக்கருவேலம். கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்திருக்கிறார். வந்த பதில் என்ன தெரியுமா? கால்வாய் ஏற்கெனவே தூர்வாரப்பட்டுவிட்டது, கிராம சபையே திருப்தி தெரிவித்துத் தீர்மானம் போட்டிருக்கிறது, நகல் இணைப்பு.

அதாவது, வேலை நடக்காமலே அரசாங்கப் பணம் போய்விட்டது. அதற்குச் சாட்சி — நான்.

ஆகஸ்ட் பதினைந்து ஞாபகம் வந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் கொடியேற்றி முடித்ததும் கிராம சபை. தீர்மான நோட்டு வந்தது. “எழுத்தாளர் சார் மொதல்ல போடட்டும்”னு ஒரு குரல். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. பக்கத்தின் மேல்பாதி காலியாக இருந்தது. “தீர்மானத்த அப்பறமா எழுதிக்கறோம் சார், எப்பவும் அப்படித்தான்” என்றார்கள். வாயில் மிட்டாயோடு போட்டேன். என்னைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள்.

பழைய பைக் வாங்கினால் ஆர்.சி. புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். வாடகை ஒப்பந்தத்தில் வரிக்கு வரி சண்டை போடுகிறோம். பொதுப் பணம் என்றால் மட்டும்? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! ஊழலைப் பற்றி இதே பத்தியில் எத்தனை முறை பொங்கியிருக்கிறேன்... அதற்கு என் பேனாவும் ஒத்தாசை செய்யும் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

“படிச்சவரு அவரே போட்டிருக்காரு, நீ பொய் சொல்றியான்னு கேக்கறாங்க சார்.”

அந்த அம்மா குரலை உயர்த்தவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“நான் என்னம்மா செய்யணும்?”

“நீங்க போடறப்போ பக்கம் காலியா இருந்துச்சுன்னு எழுதிக் குடுங்க, போதும். அத வச்சு மறுபடியும் வந்து பாக்கச் சொல்லுவேன். பயிரு இன்னும் பத்து நாள் தாங்கும்.”

ஒரு பக்கம். எனக்குப் பத்து நிமிட வேலை. ஆனால் பேர் கெடுமே? ஊரில் பகை வருமே? விசாரணை என்று இழுத்தடிப்பார்களே?

“நாளைக்குத் தரட்டுமா?” என்றேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

“சரிங்க.” தாளை மடித்துக்கொண்டு பஸ் பிடிக்கப் போய்விட்டார்.

மறுநாள் காலை நானே ஊருக்குப் போனேன். பத்மாவதி வயலைக் காட்டக் கூடவே வந்தார். கால்வாயில் இறங்க முடியவில்லை, முள் அவ்வளவு ஜாஸ்தி. அந்தப் பக்கம் ஏரி தளும்புகிறது. இந்தப் பக்கம் அவர் வயல் வெடித்துக் கிடக்கிறது. பயிர் நுனியெல்லாம் மஞ்சள். இதைப் பார்த்தபிறகுமா பேரைப் பற்றிக் கவலை?

வரப்பில் உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி எழுதினேன். மிட்டாயைக்கூட விடவில்லை. கடைசியில் வழக்கம்போல் கை கையெழுத்துக்குப் போனது.

“இருங்க சார்.”

பத்மாவதி தாளை வாங்கிக்கொண்டார். நின்றபடியே, எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு வரியாகப் படித்தார். நான் காத்திருந்தேன். முடித்தபிறகு தாளைத் திருப்பித் தந்தார்.

“இப்ப போடுங்க.”