தோப்புப் பழத்துக்குத் தோப்பில் தடை

போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் காய்ச்சலில் படுத்திருக்கும் அத்தை மாம்பழம் கேட்டிருக்கிறாள். திருவனந்தபுரத்தின் சாலை பஜாரில் நல்லதாகப் பொறுக்கி வாங்கிக்கொண்டு ஆட்டோவில் போகிறேன். மலையடிவாரத்தில் ஒரு மாந்தோப்பு வழியாகத்தான் பாதை. வாசலில் மூங்கிலைக் குறுக்கே போட்டு நிறுத்துகிறார்கள். பழ ஈ பரவிவிடுமாம். வெளிப்பழம் எதுவும் உள்ளே போகக்கூடாதாம்.

காவலுக்கு நிற்பவள் மலையாளம் கலந்து பேசும் எஸ்டேட்டுத் தமிழ்ப் பெண்.

"இதப் பாரும்மா, உங்க தோப்புப் பழந்தான். உங்க ஸ்டிக்கரே ஒட்டியிருக்கு."

"எங்க பழந்தான் சாரே. ஆனா சந்தையில கண்ட பழத்தோட கலந்து கிடந்துட்டுல்லோ வருது? எந்த ஈ முட்டை வச்சுதோ, ஆருக்குத் தெரியும்? இனி உள்ள விட முடியாது, கேட்டோ."

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதுதான் இன்னும் எரிச்சலாக இருக்கிறது.

பையை வாங்கி வாசலோர டிரம்மில் கவிழ்க்கிறாள். டிரம் நிறையப் பிடித்துவைத்த பழங்கள் அழுகிக் கிடக்கின்றன. மேலே ஈ மொய்க்கிறது.

"இதுக்கு மூடி எங்கே?"

"குரங்கு தூக்கிட்டுப் போச்சு சாரே."

மூங்கில் உயர்கிறது. ஆட்டோ கிளம்புவதற்குள் டிரம்மிலிருந்து நாலைந்து ஈக்கள் வேலியைத் தாண்டி மாமரங்களுக்குள் போய்விடுகின்றன. அவற்றை யாரும் நிறுத்தி, பையைத் திறந்து காட்டச் சொல்லவில்லை.