எட்டும் பதினாலும்

என் நாத்தனார் அன்றைக்குப் பையிலிருந்து எடுத்து விரித்தது ஒரு குரோமோசோம் படம். சின்னப் புழுக்களைச் சோடி சோடியாக அடுக்கிய மாதிரி இருந்தது. வேலூரில் ஓர் ஆய்வகத்தில் அப்படிப்பட்ட படங்களைப் பார்ப்பதுதான் அவளுக்கு வேலை. இந்தப் படம் என் மகனுடையது.

அவனுக்கு அப்போது ஆறு வயது. தாடை வீங்கியது, பல் என்று நினைத்தோம். நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். முதல் சுற்று மருந்திலேயே வீக்கம் வடிந்தது. அதுவே வினையாயிற்று. “ஆத்தா கண்ணத் தொறந்துட்டா, இனிமே ஊசி இன்னாத்துக்கு?” என்று மாமியார் பிள்ளையைக் காவலூர் வீட்டிலேயே நிறுத்திக்கொண்டார். அவனைச் சுமந்தபோது, புதுச் சாமையைச் சாமிக்குப் படைக்கும் முன்பே நான் தின்றுவிட்டேன். பசி தாங்கவில்லை. அந்தக் குற்றத்தால் வந்த நோய், இப்போது படையல் வைத்ததும் போய்விட்டது என்றார். பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்துகிற நானும், வெட்கக்கேடு, அதை உள்ளூர நம்பினேன். அடுத்த ஊசிக்கான நாள் தாண்டிப்போனது.

சேதி கேட்டு வேலூரிலிருந்து பஸ் ஏறி வந்துவிட்டாள் நாத்தனார். வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“எம்மா, நம்ம கொல்ல மோட்டாரு எப்ப ஓடும்?”

“கரண்டு வுடற நேரத்துக்குத்தான்.”

“எந்நேரமும் கரண்டு கீற லைன்ல அத்த மாட்டிட்டா?”

“ஐயய்யோ, ஓயாம ஓடும். பயிரே முழுவிப்பூடும்.”

“அதான் ஒம் பேரனுக்கு ஆயிருக்குது.”

எட்டாம் குரோமோசோமில், செல்லைப் பெருகச் சொல்லும் ஜீன் ஒன்று உண்டு. தேவைப்படும்போது மட்டும் வேலை செய்யும். பதினான்காவதில், நோய் எதிர்ப்புச் செல்கள் கிருமிக்கு எதிரான புரதம் தயாரிக்கும் இடம் இருக்கிறது. அங்கே சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்கும். இரண்டும் ஒடிந்து, துண்டுகள் இடம் மாறி ஒட்டியதில், அந்த ஜீன் இந்தச் சுவிட்சுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. செல் ஓயாமல் பெருகியது. படத்தில் அந்தத் துண்டுகள் ஒட்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினாள்.

“வீக்கம் வடிஞ்சாலும் இப்பிடிப்பட்ட செல்லு நாலு மிஞ்சுனா போதும்மா, திரும்ப ரொப்பிடும். ஊசிய நிறுத்துனா புள்ள நமக்கில்ல.”

“அப்ப இவ சாமை தின்னது?”

“புள்ள அண்ணி வயித்துல இருந்தப்ப இந்த ஒடசலே இல்ல. அப்புறமா ஒரே ஒரு செல்லுல ஆனது. யாரு மேலயும் தப்பில்ல. அன்னிக்கி அண்ணிக்கு ஆக்கிப் போட்டதே நாந்தான், திட்றதுன்னா என்னியும் திட்டு.”

நான் வாய்விட்டு அழுதேன். சாமை தின்ற நாளிலிருந்து அழாத அழுகை. மாமியார் எழுந்து பேரனின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தார். “பஸ்ஸு எத்தினி மணிக்கு?” என்றார்.

மகன் இப்போது என்னைவிட உயரம். ஊரில் எந்தப் பிள்ளைக்குக் கட்டி வந்தாலும், “எம் பொண்ணுக்குப் போனப் போடுங்க” என்று மாமியார் பெருமையடிக்கிறார். அவருக்கு மட்டும் என்ன அப்படி ஒரு தனி உரிமை? அவள் என் நாத்தனார்!